குப்பைக்கு ஆள் இருந்த காலம்

ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்தில் பிறந்த எனக்கு, குப்பைத்தொட்டி என்கிற பொருளே கம்பெனிகளோடு சேர்ந்துதான் அறிமுகமானது. அதற்கு முன் ஊரில் குப்பை இல்லையா என்றால், ஏகமாக இருந்தது. அதைத் தொட்டியில் போட்டு மூடி, யாரோ வந்து எடுத்துப்போகட்டும் என்று வாசலில் வைக்கிற அளவுக்கு எங்களுக்கு வசதி போதவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்குப் பின்னால் குப்பைமேடு இருக்கும். சாணி, மாடு தின்று கழித்த வைக்கோல், அடுப்புச் சாம்பல், வாசல் கூட்டிய சருகு, சாப்பிட்ட வாழையிலை எல்லாம் அங்கே போகும். சித்திரையில் வண்டி கட்டிக் கழனிக்குக் குப்பை அடிப்பார்கள். யார் நிஜமாகவே பயிர் வைக்கிறவர், யார் டீக்கடையில் மட்டும் பயிர் வைக்கிறவர் என்பது மேட்டின் உயரத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பெண் கொடுக்க வருகிறவர்கள் திண்ணையில் மோர் குடித்துவிட்டு, கை கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவார்கள். சம்பளச் சீட்டெல்லாம் பிற்பாடு வந்தது.

பிறகு தொழிற்சாலைகள் வந்தன. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார் வெளியே வந்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா திறந்தது. 2014-ல் மூடவும் மூடிவிட்டது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ–நிசான், 2012-ல் பாரத்பென்ஸ் லாரி. ராமானுஜர் பிறந்த ஊர் என்று உலகத்துக்குத் தெரிந்திருந்த ஸ்ரீபெரும்புதூர், ஷிஃப்ட் பஸ்களின் ஊரானது. எங்கள் பக்கத்தில் கழனி சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போனது. கழனி போனதும் மாடு போனது. மாடு போனதும் குப்பைமேடு போனது. குப்பை மட்டும் போகவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தது, கார் கம்பெனிக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் ஒரு வெண்டார் கம்பெனியில். சேர்ந்ததும் முதலில் ஃபைவ் எஸ் பயிற்சி. செய்ரி, செய்டன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே. வேண்டாததைப் பிரித்து அப்புறப்படுத்து. வேண்டியதை அதனதன் இடத்தில் வை. துடைத்துச் சுத்தமாக வை. எல்லாரும் ஒரே மாதிரி செய்ய ஒரு முறை வகு. யாரும் சொல்லாமலே செய்யப் பழகு. புரொஜெக்டரில் படம் காட்டி, டீ கொடுத்து, பரீட்சை வைத்து, சர்டிபிகேட்டும் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து ஆயாவுக்கு விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஆயா கேட்டது: "இதச் சொல்லவா கண்ணு கப்பல் தாண்டி ஆளு வந்தாங்க? தொடப்பத்த எடுத்த எடத்துல வைடான்னு நான் சொன்னா மட்டும் உன் காதுல ஏறல."

ஆயாவின் அடுக்களையில் சிவப்பு, பச்சை, நீலம் என்று தொட்டிகள் கிடையாது. ஆனால் பிரிப்பு இருந்தது. அரிசி களைந்த தண்ணீரும் காய்த்தோலும் வடித்த கஞ்சியில் மிஞ்சியதும் கதவோரத்துக் கழுநீர்ப் பானைக்குள், அது மாட்டுக்கு. சாம்பல் பாதி பாத்திரம் துலக்க, பாதி குப்பைமேட்டுக்கு. தேங்காய் நார் துலக்க, கொட்டாங்கச்சி அடுப்பெரிக்க. புளிச்சக்கை பித்தளைக்கு. அடுப்படியில் உற்பத்தியாகும் ஒவ்வொன்றுக்கும் அடுத்து எங்கே போகவேண்டும் என்று முன்பே முடிவாகியிருந்தது. எங்கள் லைனில் ஒரு போல்ட்டுக்குக்கூட அவ்வளவு தெளிவான போக்கிடம் கிடையாது.

டொயோட்டாவின் தாய்ச்சி ஓனோ, தொழிற்சாலையில் வீணாவதை ஏழு வகையாகப் பிரித்தார். தேவைக்கு மேல் செய்வது, காத்திருப்பது, தேவையில்லாமல் சுமந்து அலைவது, வேண்டாத வேலை பார்ப்பது, சரக்கைத் தேக்கி வைப்பது, வீண் அசைவு, பழுது. இதில் சரக்கைத் தேக்கி வைப்பதுதான் எங்கள் மேனேஜருக்குப் பரம விரோதி. ஷெல்ஃபில் கூடுதலாக நாலு பெட்டி நின்றால் முகம் சிவந்துவிடும். ஆயாவுக்கும் அப்படித்தான். எத்தனை பேர் என்று எண்ணித்தான் உலையில் அரிசி விழும். கணக்குத் தப்பி மிஞ்சினால் தண்ணீர் ஊற்றிவைத்து மறுநாள் பழையது. அதிலும் மிஞ்சினால் வெயில் நாளில் வடகம். இன்று எங்கள் வீட்டில் ஒரு ஃப்ரிட்ஜ் இருக்கிறது. உணவை அன்றைக்கே கொட்ட மனம் வராதவர்கள், நாலு நாள் தள்ளிக் கொட்டுவதற்காகச் செய்யப்பட்ட இயந்திரம் அது. செவ்வாய்க்கிழமை சாம்பார் சின்ன டப்பாவுக்கு மாறி, சனிக்கிழமை சிங்க்குக்குப் போகும். நடுவில் மின்சாரமும் செலவாகியிருக்கும்.

தொழிற்சாலையில் எனக்கு மிகவும் பிடித்தது மில்க் ரன். ஒரு லாரி காலையில் கிளம்பி நாலைந்து வெண்டார்களிடம் வரிசையாகப் போகும். பாகங்கள் நிரம்பிய பிளாஸ்டிக் பின்களை ஏற்றிக்கொள்ளும். நேற்றைய காலி பின்களை இறக்கிவிட்டு வரும். அட்டைப்பெட்டி இல்லை, டேப் இல்லை, தெர்மாகோல் இல்லை. ஒரே பின் வருடக்கணக்கில் போய்வந்துகொண்டிருக்கும். உடைந்தால்தான் அதற்கு ஓய்வு. நிறைந்த பாட்டிலை வைத்துவிட்டுக் காலி பாட்டிலை எடுத்துப்போகும் பால்காரரின் வழக்கத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்ட ஏற்பாடு இது. உலகத்துக் கார் கம்பெனிகள் எல்லாம் பால்காரரிடம் பாடம் படித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், எங்கள் தெருவில் பித்தளைச் செம்பு உள்ளே போய், பால் பாக்கெட்டுக்கு மாறியது. கேட்டுக்கு உள்ளே இருக்கும் வரை நாங்கள் ஜப்பான்காரர்கள். ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தால், ஆளுக்கு இரண்டு கேரி பேக்.

அன்று மளிகைக்கடைக்குப் போவதென்றால் கையில் சாமான் வேண்டும். எண்ணெய்க்குக் கழுத்தில் கயிறு கட்டிய பாட்டில், மற்றதற்குப் பை. பருப்பும் மிளகும் பழைய நோட்டுத் தாளில் பொட்டலமாகி, மேலே நூல் சுற்றி வரும். தாளைப் பிரித்துப் படித்துவிட்டு அடுப்பு மூட்டுவோம். நூலை ஆயா பந்தாகச் சுற்றி வைத்துப் பூக்கட்டும். டீக்கடைக்கும் ஓட்டலுக்கும் தூக்குவாளி. இன்று பார்சல் சாம்பார் சூடாகப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ரப்பர் பேண்ட் சுற்றி, சட்னி இரண்டுக்கும் தனித்தனிக் குட்டிப் பை போட்டு, இலை மாதிரி பச்சை அச்சடித்த தாளில் நாலு இட்லியை மடித்து, அத்தனையும் ஒரு பையில் வைத்துத் தருகிறார்கள். சாப்பாடு கால் மணி நேரத்தில் முடியும். பை பேரன் காலம் வரை இருக்கும்.

ஷாம்பு விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு பெருமையே உண்டு. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன்தான் ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்ற முன்னோடி. அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் தொடங்கிய தொழிலிலிருந்து சிக் ஷாம்பு ஊரெல்லாம் பரவியது. சீயக்காய் அரைத்து அலுத்த கைகளுக்கு அது விடுதலை. முழு பாட்டில் வாங்கக் காசில்லாத வீட்டுப் பெண்ணும் வெள்ளிக்கிழமை ஷாம்பு போட முடிந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் ஏழை வீட்டுக்குள் எல்லாமே பாக்கெட்டாக நுழைய அந்தச் சின்ன வாசல் போதுமானதாக இருந்தது. ஊறுகாய், காபித்தூள், சோப்புத்தூள், தேங்காயெண்ணெய் எல்லாம் சரம் சரமாகக் கடை வாசலில் தொங்க ஆரம்பித்தன. உள்ளே இருந்தது தீர்ந்தது. உறை தெருவிலேயே தங்கிவிட்டது.

புடவைக்கும் அன்று நீண்ட ஆயுள். விசேஷத்துக்கு, பிறகு வீட்டுக்கு, பிறகு கழனிக்கு. கிழிந்ததும் பேரப்பிள்ளைக்குத் தூளி. தூளியும் நைந்தால் கரித்துணி. கடைசித் துண்டு கார்த்திகை விளக்குக்குத் திரி. அதற்கும் நடுவில் தெருவில் குரல் கேட்கும். பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம், பழைய இரும்பு ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம், சீப்பில் சேர்ந்த முடிக்குக்கூட ஏதோ ஒன்று. ஆயா பேரம் பேசுவதைக் கேட்டால், ஓட்டை விழுந்த குண்டானை விற்கவில்லை, குலசொத்தைப் பிரிந்துகொண்டிருக்கிறது என்றுதான் தோன்றும்.

கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையில் தொடங்கி அரசாங்க உத்தரவு வரை போன கதையும் உண்டு. மணமக்கள் பெயரும் தேதியும் அச்சடித்த மஞ்சப்பை, அந்தத் தம்பதிக்குப் பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போகும்போது அதன் புத்தகத்தையும் சுமந்தது. மஞ்சப்பையோடு பஸ் ஏறினால் பட்டிக்காட்டான் என்று சினிமா சொல்லிக்கொடுத்ததும் அதைப் பரணில் போட்டோம். 2018 ஜூன் 5-ல் அறிவித்து, 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக்கைத் தடை செய்தது. 2021 டிசம்பர் 23-ல் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரமே வந்தது. பட்டிக்காட்டான் அடையாளத்துக்கு இப்போது இயந்திரம் வைத்து விற்பனை. இதற்கிடையில் கல்யாண வீடுகள் துணி போலவே இருக்கும், ஆனால் பாலிபுரொப்பிலீனால் ஆன பைக்கு மாறிவிட்டன. மணமக்களின் கலர் போட்டோ வேறு. அந்தப் பையும் அந்த 14 வகைக்குள் அடக்கம் என்று தெரிந்தவர்கள், தாம்பூலம் வாங்கும்போது சொல்வதில்லை. மங்கள காரியம்.

சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5 எங்கள் கம்பெனியிலும் முக்கியமான நாள். வலது கையை நீட்டி உறுதிமொழி, ஆளுக்கு ஒரு மரக்கன்று, பின்னால் பிளாஸ்டிக்கை ஒழிப்போம் என்று ஃபிளெக்ஸ் பேனர். கன்று கறுப்பு பிளாஸ்டிக் பையில் இருக்கும். உறுதிமொழி முடிந்ததும் மிக்சர் பாக்கெட் வரும்.

இந்த ஊரில் எல்லாக் குப்பையும் ஒன்றல்ல என்பதையும் சொல்லவேண்டும். தொழிற்சாலைக் குப்பைக்கு இங்கே ஏகப்பட்ட மரியாதை. இரும்புச் சீவல், அலுமினியத் துண்டு, அட்டை, பேக்கிங் மரம் எல்லாவற்றுக்கும் கிலோவுக்கு விலை உண்டு. ஸ்கிராப் எடுக்கும் கான்ட்ராக்டுக்காக வெள்ளைச் சட்டைகள் வெள்ளைக் காரில் வந்து இறங்கும். சிபாரிசு நடக்கும், பகை மூளும், போலீஸ் வரைக்கும் போகும். அதே கேட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், எங்கள் ஊர் ஏரிக்கரையில், வீட்டுக் குப்பை புகைந்துகொண்டிருக்கிறது. அதற்காக எந்தக் கட்சிக்காரரும் அடித்துக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று தெளிவானது. ஆயா காலத்தவர்கள் நம்மைவிட நல்லவர்கள் என்பதால் தெரு சுத்தமாக இருக்கவில்லை. அவர்களிடம் இருந்த ஒவ்வொரு மிச்சத்துக்கும் வாங்கிக்கொள்ள ஓர் ஆள் இருந்தார். மாடு, கழனி, பேரீச்சம்பழக்காரர், அடுப்பு, கைக்குழந்தை. ஆள் இல்லாத பொருள்தான் குப்பை. மாட்டையும் கழனியையும் அனுப்பிவிட்டு, பழக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள் என்று சுவரில் எழுதினால் சுவர்தான் பச்சையாகும்.

டாஸ்மாக் மது பாட்டில் இதற்கு நல்ல சாட்சி. நீலகிரிக் காடுகளில் உடைந்த பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்று வழக்கு வந்து, சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவின் பேரில் 2022-ல் அந்த மாவட்டத்தில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்குவது, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்தைத் தருவது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் படிப்படியாக வந்தது. எத்தனை விழிப்புணர்வுப் பேரணியாலும் முடியாததை ஒரு பத்து ரூபாய் செய்தது. எங்கள் தெருவில் காலி பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தள்ளாடினாலும் கீழே போடாமல் திரும்பிப் போகிறவரைப் பார்த்தால், சுற்றுச்சூழல் விருதுக்கு யாரைச் சிபாரிசு செய்வதென்று குழப்பமே இருக்காது. 20 லிட்டர் தண்ணீர் கேனும் அப்படித்தான். முன்பணம் இருப்பதால் ஒரு கேனும் ஏரிக்கரைக்குப் போவதில்லை.

பழைய காலத்தைப் பூ வைத்துக் கும்பிடவும் நான் தயாரில்லை. அந்தச் சிக்கனத்தில் பாதி, இல்லாமை. சாம்பலால் துலக்கிய கை ஆயாவுடையது, சீயக்காய் அரைத்த கை அம்மாவுடையது. தாத்தாவின் கை திண்ணையில் விசிறி பிடித்திருந்தது. தீர்ந்த டார்ச் பேட்டரியையும் உடைந்த கண்ணாடியையும் அன்றும் பாழுங்கிணற்றில்தான் போட்டோம். செத்த மாட்டைத் தூக்கவும் சாக்கடை வாரவும் ஊருக்கு வெளியே ஒரு தெருவை ஒதுக்கி வைத்துவிட்டு, ஊர் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டோம். இன்று பேட்டரி வண்டி ஓட்டிக்கொண்டு வரும் தூய்மைக் காவலர் அக்காவைப் பார்த்தால், அந்தத் தெருக் கணக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை என்று புரியும். நாம் ஒன்றாய்க் கட்டிப் போட்ட முடிச்சை அவிழ்த்து, நேற்றைய சாம்பாருக்குள் கைவிட்டுப் பிளாஸ்டிக்கைப் பிரிப்பது அந்தக் கைதான்.

ஊரும் பெருத்துவிட்டது. கழனி போன பணத்தில் எல்லாரும் லைன் வீடு கட்டினோம். ஒடிசாவிலிருந்தும் தென்மாவட்டங்களிலிருந்தும் பிள்ளைகள் வந்து தங்கினார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் தொழிலாளர் விடுதியையே அரசு திறந்தது. ஊராட்சியின் வண்டி மட்டும் பழைய கணக்கில் ஓடுகிறது. குப்பைக்கெல்லாம் வெளியூர்க்காரன்தான் காரணம் என்று எங்கள் தெருவில் அடிக்கடி பேச்சு வரும். எங்கள் லைனில் தங்கியிருக்கும் ஒடிசாப் பையன்களிடம் ஆளுக்கு ஒரு தட்டு, ஒரு டம்ளர், அறைக்கு ஒரு குக்கர். தெருவிலேயே குறைவாகக் குப்பை வருவது அவர்கள் அறையிலிருந்துதான். ஆன்லைனில் வந்த அட்டைப்பெட்டிகள் சொந்த ஊர்க்காரர்கள் வாசலில்.

அந்தப் பெட்டிகளுக்குள் என்ன வருகிறது என்றால், தேங்காய் நார் வருகிறது. இயற்கை ஸ்க்ரப்பர் என்று பெயர். பாத்திரம் துலக்கச் சாம்பல் பொடி வருகிறது. வறட்டி வருகிறது, எண்ணி அடுக்கி, பிளாஸ்டிக்கில் சுற்றி. ஆயா சுவரில் தட்டி வைத்ததை யாரும் திருடிப் போகாமலிருக்கக் காவல் இருந்ததைத்தான் பார்த்திருக்கிறேன். அதற்குக் கூரியர் பில் வரும் என்று ஆயா எதிர்பார்த்திருக்காது.

எங்கள் வீட்டில் இப்போது செய்வது பெரிதாக ஒன்றும் இல்லை. குப்பைக்கு மறுபடி ஆள் பிடிப்பதுதான். வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் அடுப்படி ஈரம். மாடியில் ஓட்டை போட்ட மண்தொட்டிகள் வைத்திருக்கிறோம். காய்த்தோல் ஒரு அடுக்கு, காய்ந்த சருகு ஒரு அடுக்கு, எப்போதாவது புளித்த மோர் ஒரு கரண்டி. நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், சருகு போட்டால் அடங்கும். இரண்டு மாதம் போனால் கறுப்பு மண். அது செடிக்கு. ஆக, கழனி இருந்த இடத்துக்கு நாலு கத்தரிச்செடி. பால் கவரை அலசிக் காயவைத்துச் சேர்த்தால் பழைய பேப்பர் கடைக்காரர் எடுத்துக்கொள்கிறார். கறிக்கடைக்கு எவர்சில்வர் டப்பா. மாவுக் கடைக்குப் பாத்திரம் கொண்டுபோனதில்தான் சிக்கல்.

"பாக்கெட்லதான் சார் வருது."

"பாக்கெட்ட பிரிச்சு இதுல ஊத்திக் குடுங்களேன்" என்றார் பின்னால் நின்ற ஒரு புத்திசாலி.

கடைசியில் வேறு கடை பிடித்தோம். அங்கே அம்மா ஒருவர் அண்டாவிலிருந்து கரண்டியால் மொண்டு ஊற்றுகிறார். பாத்திரம் கொண்டுவந்தால் ஒரு கரண்டி கூடுதல். பழக்கம் ஒட்டிக்கொண்டது அந்தக் கரண்டியால்தான்.

ஆனாலும் ஒரு பை மிஞ்சிவிடுகிறது. பிஸ்கட் உறை, சிப்ஸ் உறை, ஷாம்பு பாக்கெட். பளபளவென்று பல அடுக்கு ஒட்டிய வகை. அதை எடுத்துக்கொண்டு பழைய பேப்பர் கடைக்குப் போனேன். "இத எவன் சார் வாங்குவான்?" என்றார். நியாயமான கேள்வி. அதைச் செய்தவர்தான் வாங்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தயாரிப்பாளருக்கே பொறுப்பு என்பது 2016 பிளாஸ்டிக் கழிவு விதிகளிலேயே உண்டு. 2022-ல் அதற்கு விரிவான நடைமுறையும் வந்தது. அதன்படி கம்பெனிகள் கணக்கு எழுதுகின்றன, சான்றிதழ் வாங்குகின்றன. எங்கள் தெருவுக்கு மட்டும் யாரும் வரவில்லை.

எங்கள் கம்பெனியில் இதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. பின்னில் வரவேண்டிய பாகத்தை எந்த வெண்டாராவது தெர்மாகோலும் பாலித்தீனுமாகச் சுற்றி அனுப்பினால், ஸ்டோர்ஸ்காரர் அவரோடு சண்டை போடமாட்டார். உறுதிமொழி எடுக்கச் சொல்லமாட்டார். டெபிட் நோட் போடுவார். அப்புறப்படுத்துகிற செலவு அந்த வெண்டாரின் பில்லில் கழியும். அடுத்த லோடு ஒழுங்காகப் பின்னில் வந்து சேரும். வீடுகளுக்கும் அப்படி ஒரு டெபிட் நோட் புத்தகம் அச்சடித்துக் கொடுக்கட்டும். மஞ்சப்பையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.